டீயைத் தடைசெய்யும் முன்

புனேயில் ஓபி பார்க்கிறவர் "டீயை விட்டுவிடுங்கள்" என்று சொல்லிவிடலாம். அந்த ஊரில் அதைக் கேட்டு நடக்க யாரால் முடியும்? பேட்டைகளில் நாலு தெரு நடந்தால் ஒரு 'அம்ருததுல்யா' டீக்கடைப் பலகை கண்ணில் படும். இஞ்சியும் ஏலக்காயும் தட்டிப் போட்டு, பாலையும் சர்க்கரையையும் தாராளமாகச் சேர்த்துக் கொதிக்கவைத்த டீ, சின்னக் கிளாசில் வரும். ஹிஞ்ஜவடி ஐ.டி. அலுவலகங்களிலோ இயந்திரம் நாள் முழுக்கக் காபி ஊற்றிக்கொண்டிருக்கும். அடிக்கடி சிறுநீர், அவசரம், கசிவு என்று வருகிறவர்களுக்கு நாம் கையில் திணிக்கும் தடைப் பட்டியலில் டீ, காபி, தக்காளி, மிளகாய், எலுமிச்சை, சோடா எல்லாம் ஒரே வரிசையில் நிற்கின்றன. ஆதாரமோ எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் இல்லை.

காஃபினுக்கு ஓரளவு இருக்கிறது. அமெரிக்கச் செவிலியர்களை நெடுநாள் பின்தொடர்ந்து 2011-இல் வெளியான ஆய்வில், நாளுக்கு 450 மி.கி.க்கு மேல் காஃபின் எடுத்த பெண்களுக்கு, 150 மி.கி.க்குக் குறைவாக எடுத்தவர்களைவிட, அடிக்கடி வரும் அவசரக் கசிவு மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் காணப்பட்டது. ஒரு கப் டீக்கு 40 மி.கி. என்று வைத்தாலும் 450-ஐத் தொடப் பத்து கப்புக்கு மேல் வேண்டும். சின்னக் கிளாஸ் என்றால் இன்னும் அதிகம். காலையும் மாலையும் ஒரு கிளாஸ் குடிக்கிற பாட்டியின் டீயைப் பறிப்பதற்கு இந்த ஆய்வைத் துணைக்கு அழைக்க முடியாது. எட்டுப் பத்து முறை குடிப்பவரிடமும் ஒரேயடியாக நிறுத்தச் சொன்னால் தலைவலியோடு திரும்பி வருவார். வாரத்துக்கு ஒரு கிளாஸ் வீதம் குறைத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

இதைவிடப் பெரிய பிழை, "தண்ணீர் நிறையக் குடியுங்கள்" என்று எல்லோருக்கும் ஒரே வாக்கியத்தைச் சொல்வது. மிகைச் செயல் சிறுநீர்ப்பை உள்ள 24 பேரிடம் பிரிஸ்டலில் நடந்து 2008-இல் வெளியான ஆய்வில், குடிக்கும் அளவைக் கால் பங்கு குறைத்ததுமே அவசரமும் இரவு எழுதலும் குறைந்தன. அடிக்கடி சிறுநீர்த் தொற்று வரும், நாளுக்கு ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகக் குடிக்கும் 140 பெண்களிடம் பல்கேரியாவில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வின் முடிவு நேர் எதிர்: கூடுதலாக ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடித்தவர்களுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 1.7 முறையும், வழக்கம்போல் குடித்தவர்களுக்கு 3.2 முறையும் தொற்று வந்தது. (பாட்டில் தண்ணீர் விற்கும் டனோனின் நிதியில் நடந்த ஆய்வு இது. கொதித்து ஆறிய குழாய்த் தண்ணீரும் அதே வேலையைச் செய்யும்.) ஒருவருக்கு மருந்தாக இருக்கும் அறிவுரை இன்னொருவருக்கு உபத்திரவம். யார் எந்தப் பக்கம் என்பதை மூன்று நாள் சிறுநீர்க் குறிப்பேடுதான் சொல்லும். அதில் நாளின் மொத்தச் சிறுநீர் மூன்று லிட்டரை நெருங்கினால், சிறுநீர்ப்பைக்கு மருந்து எழுதும் முன் சர்க்கரையைப் பாருங்கள்.

குறைவாகக் குடிக்கிற பெண் ஏன் குறைவாகக் குடிக்கிறார் என்பதை நாம் கேட்பதே இல்லை. லட்சுமி சாலையில் துணிக்கடையில் நாள் முழுக்க நிற்பவர், மண்டயி சந்தையில் காய் விற்பவர், வெயிலில் போக்குவரத்தைச் சீர்செய்யும் பெண் காவலர் ஆகியோர் தண்ணீரைத் தவிர்ப்பது அறியாமையால் அல்ல. போக இடமில்லை என்பதால். இதைப் புரிந்துகொண்டு 2016-இல் புனேயில் ஒரு நல்ல முயற்சி தொடங்கியது. உல்கா சாதல்கரும் ராஜீவ் கேரும் ஓய்வுபெற்ற நகரப் பேருந்துகளைப் பெண்களுக்கான கட்டணக் கழிப்பறைகளாக மாற்றி, 'தி' என்ற பெயரில் சாலையோரம் நிறுத்தினார்கள். சிறுநீரக இயல் கருத்தரங்குகளில் இதைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. எழ வேண்டும் என்பது என் கருத்து.

உணவைப் பொறுத்தவரை இரண்டே விஷயங்கள். வலியுள்ள சிறுநீர்ப்பை நோயில் சில உணவுகள் சிலருக்கு உண்மையிலேயே எரிச்சல் தரும்; அவற்றை நிறுத்தி, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்த்து, குற்றவாளியை மட்டும் விலக்க வேண்டும். மிசல், தேச்சா போன்ற காரமான உணவுகளை ஆயுள் முழுக்கத் தடைசெய்வது சிகிச்சை ஆகாது. இரண்டாவது, எடை. பருமனான 338 பெண்களிடம் நடந்து 2009-இல் வெளியான ஆய்வில் எடை 8 சதவீதம் குறைந்த குழுவில் வாராந்தரக் கசிவு 47 சதவீதம் குறைந்தது. ஒப்பீட்டுக் குழுவில் 28 சதவீதம்தான். நம் தடைப் பட்டியலில் உள்ள எந்த உணவுக்கும் இவ்வளவு உறுதியான ஆதாரம் இல்லை. உணவோடு சேர்த்து மலச்சிக்கல் பற்றியும் கேட்டுவிடுங்கள்.

குறிப்பேட்டுத் தாளை வாசகர்கள் மாற்றி அச்சிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மில்லிலிட்டருக்குப் பக்கத்தில் 'சின்னக் கிளாஸ்', 'லோட்டா', 'பாட்டில்' என்று நோயாளி அறிந்த அளவுகளைப் போடுங்கள். 'வேலை இடத்தில் கழிப்பறை உண்டா' என்று ஒரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ஓபியில் பயன்படும் தாளின் பிரதியை எங்களுக்கு அனுப்பினால் வரும் இதழ்களில் வெளியிடுகிறோம்.