ஆகாய விவகாரமும் ஏழையின் வழக்கும்

கள்ளிக்குப்பத்தில் நமது தோழர்கள் கூடிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒருவர் எழுந்து, "ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து விடுகின்ற ராக்கெட்டு நம் வீட்டுக் கூரைமேல் விழுந்துவிட்டால் யார்மேல் வழக்குப் போடுவது?" என்று கேட்டாராம். கூட்டத்தில் பெருஞ் சிரிப்பு உண்டாயிற்றாம். பக்கத்திலிருந்த பெரியவர் ஒருவர், "விழ வேண்டுமென்று தலையெழுத்து இருந்தால் விழும், அதற்கு வழக்கென்ன, வாய்தாவென்ன?" என்று சொன்னதாகவும் நமக்கு எழுதியிருக்கிறார்கள். சிரித்தவர்களையும் தலையெழுத்துக்காரரையும் விட்டுவிட்டு, கேள்வி கேட்ட தோழருக்குப் பதில் சொல்ல நாம் கடமைப்பட்டிருக்கின்றோம். அது யோக்கியமான கேள்வி. பார்லிமெண்டில் உள்ளவர்கள் என்றைக்கோ கேட்டிருக்க வேண்டிய கேள்வியுமாகும்.

முதலில் பயத்தைப் பற்றிச் சொல்லிவிடுகின்றோம். வானம் தெளிவாயிருக்கும் நாளில் கள்ளிக்குப்பத்து மொட்டை மாடிகளில் நின்றால் வடக்கே ராக்கெட்டு எழும்புவது தெரிகிறது. ஸ்ரீஹரிக்கோட்டா அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. ஆனால் ராக்கெட்டு நம் பக்கம் வருவதில்லை, கடல்மேல்தான் போகிறது. தென் துருவத்தை நோக்கிப் போகவேண்டிய ராக்கெட்டு நேராகப் போனால் இலங்கைக்கு மேலே போக நேரிடுமென்று, வேண்டுமென்றே அதை வளைத்து விடுகிறார்கள். வளைப்பதால் அது தூக்கிச் செல்லக்கூடிய பாரம் குறைகிறது. பாரம் குறைந்தாலும் குறையட்டும், மனிதர் தலையில் விழக்கூடாது என்று கணக்குப் போட்டவர்கள் மனிதர்களே ஒழிய நவக்கிரகங்களல்ல. ஆகவே கள்ளிக்குப்பத்தார் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஆனால் ராக்கெட்டிலிருந்து கழன்று விழும் பாகங்கள் கடலில் விழுகின்றன. கடல் என்றால் ஆளில்லாத இடம் என்பது மாடியில் நிற்பவரின் எண்ணம். பழவேற்காட்டு மீனவனுக்கு அதுதான் வயல். ராக்கெட்டு விடுகிற நாட்களில் கடலுக்குப் போகக்கூடாது என்று அவனுக்குச் சொல்லப்படுகிறது. அன்றைய கூலி போயிற்று. 2019 டிசம்பரில் புதுச்சேரி வம்பாகீரப்பாளையத்து மீனவர்கள் வலை கனக்கிறதே என்று இழுத்துப் பார்த்தபோது, வலைக்குள் இருந்தது மீனல்ல. ராக்கெட்டின் பக்கவாட்டில் பொருத்தி விடுகின்ற பெரிய மோட்டார் உருளை. அதைக் கரைக்கு இழுத்து வந்தார்கள். சர்க்கார் ஆட்கள் வந்து பார்த்தார்கள். பத்திரிகைகளில் படம் வந்தது. இம்மாதிரி சமயத்தில் வலை கிழிந்தாலும் படகு உடைந்தாலும் யாரைக் கேட்பது என்பதுதான் கள்ளிக்குப்பத்துத் தோழரின் கேள்வி. அவர் கூரையைச் சொன்னார், நாம் வலையைச் சொல்லுகின்றோம். இரண்டும் ஒன்றுதான்.

இதற்குச் சட்டம் இல்லையா என்றால், உலகத்துக்கென்று சட்டம் இருக்கிறது. 1967ல் செய்யப்பட்ட ஆகாயவெளி உடன்படிக்கை, வானமும் சந்திரனும் எந்த தேசத்துக்கும் சொந்தமல்ல என்றும், ஒரு தேசத்தார் வானத்தில் செய்கிற காரியத்துக்கு, அதைச் செய்பவர் தனி வியாபாரியானாலும், அந்த தேசமே பொறுப்பு என்றும் சொல்லுகிறது. 1972ல் நஷ்டஈட்டுக்கென்று தனி உடன்படிக்கை ஏற்பட்டது. பூமியின்மேல் விழுந்து சேதம் உண்டாக்கினால், விட்ட தேசம் தன்மேல் குற்றம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பணம் கொடுத்தே ஆகவேண்டும் என்பது அதன் விதி. நல்ல விதிதான். இந்தியாவும் இவ்விரண்டிலும் சேர்ந்திருக்கிறது. 1978 ஜனவரி 24ந் தேதி ரஷ்யர்களின் "காஸ்மாஸ் 954" என்னும் செயற்கைக் கோள், உள்ளே யுரேனிய உலையோடு, கானடாவின் வடபாகத்துப் பனிக்காட்டில் சிதறி விழுந்தபோது, கானடா சர்க்கார் தேடிப் பொறுக்கிய செலவுக்காக சுமார் 60 லட்சம் டாலர் கேட்டது. 1981ல் ரஷ்யா 30 லட்சம் கொடுப்பதென்று ராஜியாயிற்று. கோர்ட்டும் இல்லை, தீர்ப்பும் இல்லை. இரண்டு சர்க்கார்கள் பேசி முடித்துக்கொண்டன.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. அந்த உடன்படிக்கையின் கீழ் நஷ்டஈடு கேட்கும் அதிகாரம் சர்க்காருக்குத்தான் உண்டு, நஷ்டப்பட்டவனுக்கு இல்லை. கோயிலில் நாம் தேங்காய் பழத்தோடு வெளியே நிற்க, உள்ளே இருப்பவர் மந்திரம் சொல்லி வாங்கித் தருவதாகச் சொல்லுவதில்லையா? அதேமாதிரி இங்கேயும் ஒரு தரகர் வேண்டியிருக்கிறது. தரகர் ஒரு வருஷத்துக்குள் கேட்கவேண்டும். கேட்காமலிருந்தால் அவரைக் கேட்க நமக்கு உடன்படிக்கையில் வழியில்லை. இரண்டு சர்க்காரும் ஒத்துப்போகாவிட்டால் ஒரு கமிஷன் ஏற்படுத்தலாம். ஆனால் இரு கக்ஷியாரும் முன்னமே சம்மதித்திருந்தாலொழிய அந்தக் கமிஷன் சொல்வது வெறும் சிபார்சுதான். தரகர் எப்படி நடந்துகொள்வார் என்பதைப் போபாலில் பார்த்திருக்கிறோம். 1984ல் விஷவாயுவில் ஜனங்கள் மாண்டார்கள். 1985ல் ஒரு சட்டம் செய்து அவர்கள் எல்லாருக்கும் பதிலாக சர்க்காரே கக்ஷிக்காரராக நின்றது. 1989ல் 47 கோடி டாலருக்கு ராஜி செய்துகொண்டது. அந்தத் தொகை போதுமா என்று செத்தவன் வீட்டாரைக் கேட்டுச் செய்யவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. விட்ட தேசத்தின் சொந்தப் பிரஜைகளுக்கு இந்த உடன்படிக்கை செல்லாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அதாவது சீன ராக்கெட்டு நம் கூரையில் விழுந்தால் டில்லி சர்க்கார் சீன சர்க்காரைக் கேட்கலாம். நம்முடைய ராக்கெட்டே நம் வலையில் விழுந்தால் கேட்க வழியில்லை. இது வேடிக்கைப் பேச்சல்ல. 2022 ஏப்ரல் 2ந் தேதி இரவு மஹாராஷ்டிரத்தில் சந்திரபூர் ஜில்லா லாட்போரி கிராமத்தில் ஒரு பெரிய உலோக வளையம் வானத்திலிருந்து விழுந்தது. சீன ராக்கெட்டின் துண்டாக இருக்குமென்று வல்லுநர்கள் கருதினார்கள். அந்தக் கிராமத்தானுக்காவது ஏட்டில் ஒரு பாத்தியதை உண்டு. வம்பாகீரப்பாளையத்தானுக்கு அதுவும் இல்லை. அமெரிக்காவிலும் இதே கதிதான். 2024 மார்ச்சில் விண்வெளி நிலையத்திலிருந்து எறியப்பட்ட சாமானின் ஒரு துண்டு பிளாரிடாவில் ஒரு வீட்டுக் கூரையைத் துளைத்துத் தரைவரைக்கும் இறங்கிற்று. அந்தக் குடும்பத்தார் 80,000 டாலர் கேட்டு மனுப்போட்டபோது அவர்களது வக்கீல் எடுத்துக் காட்டியதும் இதையேதான். அந்நிய தேசத்தில் விழுந்திருந்தால் கேள்வியின்றிக் கொடுக்க வேண்டியவர்கள், சொந்த ஊரில் விழுந்ததால் யோசிக்கலாமாம்!

அப்படியானால் ஆகாய விவகாரங்களுக்கு உலகத்தில் கோர்ட்டே இல்லையா? தாராளமாக இருக்கிறது, பணமுள்ளவனுக்கு! இந்திய விண்வெளி இலாகாவின் வியாபாரக் கம்பெனியான ஆன்ட்ரிக்ஸ், பங்களூர் தேவாஸ் கம்பெனியோடு 28-1-2005ல் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. இரண்டு செயற்கைக் கோள்களின் அலைவரிசையைக் குத்தகைக்கு விடுவதென்பது அதன் சாரம். 2011 பிப்ரவரியில் ராணுவத் தேவை முதலிய காரணங்களைச் சொல்லி சர்க்கார் அதை ரத்து செய்தது. உடனே கம்பெனியும் அதில் பணம் போட்ட மொரீஷியஸ், ஜெர்மன் முதலாளிகளும் தனித்தனியே மத்தியஸ்த சபைகளுக்குப் போனார்கள். 2015 செப்டம்பரில் ஒரு சபை 56 கோடியே 25 லட்சம் டாலர் கொடுக்கச் சொல்லிற்று. பாரிசில் இந்திய சர்க்காருக்குச் சொந்தமான இருப்பிடத்தின் மேல்கூட ஜப்தி உத்தரவு வாங்கினார்கள். 17-1-2022ல் நமது சுப்ரீம் கோர்ட்டு அந்தக் கம்பெனியே மோசடிக்காக ஏற்பட்டது என்று சொல்லி அதைக் கலைத்ததை உறுதிப்படுத்தியது. அவ்வாண்டு ஆகஸ்டில் டில்லி ஹைக்கோர்ட்டு அந்த மத்தியஸ்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டது. அப்படியும் முடியவில்லை. 2025 ஜூன் 5ந் தேதி அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு, இவ்வழக்கில் ஆன்ட்ரிக்ஸை அங்கே இழுப்பதற்குக் கீழ்க்கோர்ட்டு சொன்ன தடை சரியல்ல என்று மீண்டும் திருப்பி அனுப்பியிருக்கிறது. இதில் யார் பக்கம் நியாயம் என்பதல்ல நமது பேச்சு. 2011 முதல் இத்தனை கண்டங்களில் இத்தனை நீதிபதிகள் கேட்க ஒரு தரப்பாருக்கு வாசல் திறந்திருக்கிறது. ஹேக் நகரத்து மத்தியஸ்த சபையோ 2011ல் ஆகாய விவகாரங்களுக்கென்றே தனி விதிகள் எழுதி வைத்துக்கொண்டு, ஒப்பந்தக்காரர்கள் வருக என்று காத்திருக்கிறது. மீனவன் ராக்கெட்டோடு என்ன ஒப்பந்தம் செய்துகொண்டான்?

இதில் கடவுளின் சங்கதியையும் சொல்ல வேண்டும். நமது விஞ்ஞானிகள் ராக்கெட்டின் சிறு பொம்மையைத் திருப்பதிக்கு எடுத்துப்போய் வைத்துக் கும்பிட்டு வருகிறார்கள். சூலூர்பேட்டை செங்காளம்மனுக்கும் பங்கு உண்டு. 18-5-2025ல் விட்ட பி.எஸ்.எல்.வி. மூன்றாவது கட்டத்தில் கோளாறாகித் தவறியபோது, பிரசன்னம் பார்க்கவில்லை. கமிட்டி போட்டுக் காரணம் தேடினார்கள். அதுவே சரியான புத்தி. ஆனால் விழுந்து சேதமானால் மாத்திரம் "கடவுள் செயல்" என்று வெள்ளைக்காரன் சட்டத்திலேயே ஒரு சொல் வைத்திருக்கிறான். அந்தச் சொல் ஏழையின் தாவாவைத் தள்ளுவதற்கு எவ்வளவு சௌகரியம் என்பதைப் பெரியவர் யோசித்துப் பார்க்கட்டும். கும்பிடுகிறவருக்குப் புண்ணியம், கிழிந்த வலைக்காரனுக்குத் தலையெழுத்து என்கிற பங்கீட்டை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை.

நம்முடைய சட்டத்தில் இன்றைக்கு என்ன இருக்கிறது? அபாயமான தொழில் நடத்துகிறவர், தவறு நிரூபிக்கப்படாவிட்டாலும் நஷ்டஈடு கொடுக்கவேண்டும் என்று 1986 டிசம்பரில் டில்லி வாயுக் கசிவு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. அது ராக்கெட்டுக்குப் பொருந்துமா என்று கேட்டுக்கொண்டு ஒரு மீனவன் டில்லி வரைக்கும் போகவேண்டும் போலும்! 2017ல் விண்வெளிக் காரியங்களுக்காக ஒரு மசோதாவின் நகல் வெளியிட்டு அபிப்பிராயம் கேட்டார்கள். அது சட்டமாகவில்லை. 2023ல் ஒரு கொள்கை அறிக்கை வந்தது. கொள்கையைக் காட்டி எந்த முன்சீப் கோர்ட்டில் டிக்ரி வாங்க முடியும்? பிரான்சு தேசத்தார் 2008லேயே, ஜப்பானியர் 2016லேயே, விடுகிறவன் தரையில் உண்டாகும் சேதத்துக்குக் குற்றம் பாராமல் பொறுப்பு என்று சட்டம் செய்துகொண்டார்கள்.

முன்பு விடுகிறவர் சர்க்கார் ஒருவர்தான். இப்போது தனிக் கம்பெனிகளும் வந்துவிட்டன. சென்னைக் கம்பெனி ஒன்றே 30-5-2024ல் தன் சொந்த ராக்கெட்டை ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து விட்டிருக்கிறது. தூத்துக்குடி ஜில்லா குலசேகரப்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளத்துக்கு 28-2-2024ல் அஸ்திவாரக் கல் போட்டாகிவிட்டது. இலங்கையைச் சுற்றி வளைக்க வேண்டாம் என்பது அந்த இடத்தின் லாபம். நல்லதே, நாம் அதை எதிர்க்கவில்லை. ஆனால் அங்கேயும் கரை நெடுகக் குப்பங்கள் இருக்கின்றன. கல் போடுவதற்கு முன் சட்டம் போட்டிருக்கவேண்டும். இனிமேலாவது, விடுகிறவர் இன்ஷ்யூர் செய்தபிறகே விடவேண்டும், சேதப்பட்டவன் தவறை நிரூபிக்க வேண்டியதில்லை, அவன் தன் ஜில்லாவிலேயே தமிழில் மனுக் கொடுத்தால் குறித்த நாளுக்குள் பணம் வரவேண்டும், கடலுக்குப் போகாதே என்று தடுத்த நாளுக்குக் கூலி உண்டு என்கின்ற இவ்வளவும் அதில் இருந்தாகவேண்டும்.

கள்ளிக்குப்பத்துத் தோழர்கள் அடுத்த கூட்டத்தில் இதையே ஒரு தீர்மானமாகப் போட்டு, தங்கள் பார்லிமெண்டு அங்கத்தினருக்கு ஒரு பிரதியும் நமக்கு ஒரு பிரதியும் அனுப்புவார்களாக. அங்கத்தினர் கொடுக்கும் பதிலை, அது எதுவானாலும், இப்பத்திரிகையில் அப்படியே வெளியிடுவோம்.