தபசுக் கூட்டமும் தொழிற் பாடமும்

ஆடி மாதம் உத்திராட நட்சத்திரத்தன்று சங்கரன்கோவிலுக்குப் போய் வந்தவர்களுக்கு அந்தக் கூட்டத்தைப் பற்றி நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. போகாதவர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். அரியும் அரனும் ஒன்றே என்பதைக் கண்ணாரக் காண வேண்டுமென்று கோமதி அம்மன் தவம் புரிந்தாள். இறைவனும் ஒரு பாதி சங்கரனாய், மறு பாதி நாராயணனாய்க் காட்சி கொடுத்தார். அதுதான் ஆடித் தபசு. கொடி ஏறிய நாளிலிருந்தே பெண்கள் நூற்றெட்டு முறை பிராகாரம் சுற்றும் 'ஆடிச் சுற்று' ஆரம்பமாகிவிடும். தபசு நாளில் சுற்று வட்டாரத்துக் குடியானவர்கள் தாங்கள் விளைவித்த பருத்தியையும் வற்றலையும் தானியத்தையும் சுவாமிக்குச் சூறை விடுவார்கள். திரும்பும்போது புற்று மண்ணை மடியில் முடிந்துகொண்டு ஊர் போய்ச் சேருவார்கள்.

பக்தி விஷயத்தை இத்துடன் நிறுத்திக்கொண்டு சற்று லௌகிகமாகப் பேசுவோம். இத்தனை ஜனங்களும் எங்கே குளிக்கிறார்கள்? மூட்டை முடிச்சுகளை யாரிடம் ஒப்படைக்கிறார்கள்? கைக்குழந்தைக்குப் பால் காய்ச்ச வேண்டிய தாயார் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவாள்? மறுநாள் விடிந்ததும் கழுகுமலைக்கோ குற்றாலத்துக்கோ போக நினைக்கும் வெளியூர்க் குடும்பத்துக்கு வழி சொல்கிறவர் யார்? இந்தக் கேள்விகளுக்கு விடை கண்டுபிடித்து, அந்த விடைக்கு நியாயமான ஒரு விலையும் வைக்கிறவனைத்தான் இக்காலத்தில் 'தொழில் முனைவோன்' என்ற பெரிய பெயரால் அழைக்கிறார்கள்.

அந்தப் பெரிய பெயருக்கு உரியவர்களைத் தயார் செய்வதற்கென்று கலாசாலைகளில் பாடம் வைத்திருக்கிறார்கள். வர்த்தகம் படிப்பவர்களுக்கும் நிர்வாகம் படிப்பவர்களுக்கும் 'தொழில் முனைவோர் மேம்பாடு' என்று ஒரு தாள் உண்டு. 2022-ஆம் வருஷத்தில் தமிழ்நாடு சர்க்கார் 'நான் முதல்வன்' என்ற திட்டத்தைத் தொடங்கி, பட்டப் படிப்போடு தொழில் திறமைகளையும் மாணாக்கர்களுக்குப் புகட்ட முற்பட்டார்கள். படித்த இளைஞர்கள் சொந்தத் தொழில் தொடங்கினால் மூலதனத்தில் 25 சதவிகிதம் மானியம் தரும் 'நீட்ஸ்' திட்டம் 2012-லிருந்தே இருக்கிறது. 2023-இல் வெளியான சுற்றுலாக் கொள்கையோ, யாத்திரிகர்களை நம்பிய வியாபாரத்துக்கும் தொழில் அந்தஸ்தை அளித்துவிட்டது. பாடம் இருக்கிறது, பணத்துக்கு வழி இருக்கிறது, கோவில் வாசலில் வாடிக்கைக்காரர்களும் நிற்கிறார்கள். இருந்தும், பட்டம் பெற்ற பிள்ளைகள் பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறிச் சென்னைக்குப் போகிறார்களே, அது ஏன் என்பதுதான் இந்த வாரம் நம் யோசனை.

முதலில் பாடத்தையே விசாரிப்போம். 'தொழில் முனைவோருக்கு இருக்க வேண்டிய குணாதிசயங்களை விவரி' என்று பரீட்சையில் கேட்டால், நம் பிள்ளைகள் மூன்று பக்கம் எழுதிவிட்டு வருவார்கள். முதல் குணம் துணிச்சல் என்று எழுதுவார்கள். அதை மனப்பாடம் செய்து எழுதுவதற்கு எவ்விதத் துணிச்சலும் வேண்டியதில்லை என்பதைப் பரீட்சை அதிகாரிகள் கவனித்ததாகத் தெரியவில்லை.

இந்தப் பாடத்தால் மாணாக்கர் மனத்தில் தொழில் ஆசை உண்டாகிறதா என்று பல தேசத்துப் பண்டிதர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். 2014-இல் சிலர் 73 ஆராய்ச்சிகளை, அதாவது 37,000-க்கு மேற்பட்டவர்களைப் பற்றிய விவரங்களை, ஒன்றாகச் சேர்த்து எடை போட்டார்கள். பாடத்துக்கும் ஆசைக்கும் சம்பந்தம் இருக்கத்தான் இருந்தது, ஆனால் சொற்பம். வகுப்பில் வந்து உட்காருவதற்கு முன்பே மாணாக்கனிடம் இருந்த ஆசையைக் கழித்துப் பார்த்தபோது அந்தச் சொற்பமும் நிலைக்கவில்லை. 2010-இல் ஜெர்மனியில் நடந்த ஓர் ஆராய்ச்சியில் இன்னும் வேடிக்கை: பாடம் முடிந்த பிறகு, தொழில் தொடங்க வேண்டுமென்ற எண்ணம் சராசரியில் சற்றுக் குறைந்தே போயிற்று. 'இது நமக்கு ஏற்றது', 'இது நமக்கு ஒவ்வாது' என்று பிள்ளைகள் தங்களைத் தாங்களே தெரிந்துகொண்டார்களாம்.

இதைப் படித்ததும் சிலர், "பார்த்தீர்களா, பாடமே வீண்!" என்பார்கள். நமக்கு அப்படித் தோன்றவில்லை. தகுதியில்லாத இடத்தில் தகப்பனார் காசைக் கொண்டுபோய்க் கொட்டாமல் ஒரு பையனைத் தடுத்ததென்றால், அந்தப் பாடம் சம்பளம் வாங்கிய வேலையைச் செய்துவிட்டது. ஐம்பது பேர் வகுப்பில் ஐந்து பேருக்கு மட்டும் ஆசை முற்றினால் போதும். ஐம்பது பேரும் முதலாளிகளாகிவிட்டால் கணக்கு எழுத ஆள் அகப்பட வேண்டாமா?

தவிர, பாடத்திலும் பல தினுசு உண்டு. 1964-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த மக்லேலண்ட் என்ற மனோதத்துவ ஆசிரியர், ஆந்திர தேசத்துக் காக்கிநாடாவின் வியாபாரிகளை ஹைதராபாத்துக்கு வரவழைத்துச் சில நாள் பயிற்சி கொடுத்தார். கணக்குப் பதிவு முறைகளை அவர் முக்கியமாக வைக்கவில்லை. ஒரு காரியத்தை முன்னிட்டுத் தானே இலக்கு வைத்து, தானே முயன்று, பலனைத் தானே அளந்து பார்க்கும் மனப்பான்மையைப் பழக்கினார். திரும்பிப் போனவர்கள் புதிய முயற்சிகளில் மற்றவர்களைக் காட்டிலும் சுறுசுறுப்பாக இறங்கினார்கள். ஆப்பிரிக்காவிலுள்ள டோகோ தேசத்துச் சிறு வியாபாரிகள் 1,500 பேரை வைத்து நடந்த சோதனையின் முடிவு 2017-இல் வெளியாயிற்று. வழக்கமான வர்த்தகப் பாடம் கேட்டவர்களின் லாபம், சொல்லிக்கொள்ளும்படி உயரவில்லை; முந்திக்கொண்டு முயலும் பழக்கத்தைப் பயின்றவர்களின் லாபம் 30 சதவிகிதம் உயர்ந்தது. ஆகையால் பாடம் வேண்டுமா, வேண்டாமா என்ற விவாதத்தை விட்டுவிட்டு, எந்தப் பாடம் என்று கேட்பதே உசிதம்.

பிரயாணத் தொழிலை உலகத்துக்குக் காட்டிக் கொடுத்தவர்கள் இதற்கெல்லாம் வகுப்பில் உட்கார்ந்தவர்கள் அல்ல. தாமஸ் குக் என்ற ஆங்கிலேயர் மரவேலை செய்தவர், மதப் பிரசாரகர். 1841-இல் மதுவிலக்குக் கூட்டம் ஒன்றுக்காகச் சுமார் 500 பேரை, ஆளுக்கு ஒரு ஷில்லிங் வீதம் ரயிலில் அழைத்துப் போனார். அதிலிருந்து பிறந்ததுதான் அவருடைய பெயரில் உலகமெங்கும் பரவிய கம்பெனி. நம் சீமையிலேயே, திருக்குறுங்குடியில் பிறந்த டி. வி. சுந்தரம் அய்யங்கார் உத்தியோகத்தை உதறிவிட்டு 1911-இல் பஸ் விட ஆரம்பித்தார். ஓட்டப்பிடாரத்து வக்கீலான வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-இல், 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள் என்று திட்டமிட்டு, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே சுதேசிக் கப்பல் விட்டார்.

பிள்ளையவர்களின் கதையை நாம் தேசபக்தியின் கண்ணீரோடு மட்டும் படித்துப் பழகிவிட்டோம். வியாபாரக் கண்ணோடும் ஒரு முறை படிக்க வேண்டும். பிரயாணிகள் யார், அவர்கள் மனம் எது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பங்கு சேர்க்கத் தெரிந்திருந்தது. எதிரிக் கம்பெனியோ கட்டணத்தை வெட்டிக்கொண்டே போய், கடைசியில் இனாமாகவே ஏற்றிக்கொள்கிறோம், கையில் ஒரு குடையும் தருகிறோம் என்றது. 1908-இல் அவரைச் சிறையில் தள்ளினார்கள். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. எதிரியின் மடிசீலை நம்முடையதைவிடப் பெரிதாயிருக்கும்போது எத்தனை மாதம் தாக்குப் பிடிக்கலாம் என்ற கணக்கை இந்தச் சரித்திரத்தைவிட நன்றாகக் கற்பிக்கும் பாடப் புத்தகம் நமக்குத் தெரியாது. இன்றைக்கும் தங்கும் அறைகளையும் வாடகைக் கார்களையும் கைபேசி மூலம் விற்கும் பெரிய கம்பெனிகள், ஆரம்பத்தில் தள்ளுபடி என்ற குடையைக் காட்டித்தானே ஆள் பிடிக்கின்றன?

சங்கரன்கோவிலில் இந்தப் பாடத்தை எப்படி நடத்தலாம்? பிள்ளைகளை ஒரு வாரம் வகுப்புக்கு வெளியே அனுப்ப வேண்டும். ரயில் நிலையத்திலும் பஸ் நிலையத்திலும் நோட்டுப் புத்தகத்துடன் நிற்கட்டும். எந்த ஊர், எத்தனை பேர், எதற்கு வந்தீர்கள், எது கிடைக்காமல் கஷ்டப்பட்டீர்கள் என்று விசாரிக்கட்டும். அப்போது புத்தகத்தில் இல்லாத விஷயங்கள் புலப்படும்.

உதாரணமாக, பங்குனி உத்திரம். அந்தச் சமயத்தில் சென்னையிலிருந்தும் பம்பாயிலிருந்தும் குடும்பம் குடும்பமாக இந்தச் சீமைக்கு ஜனங்கள் வருகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது நீச்சல் குளமல்ல. பாட்டனார் காலத்தில் விட்டுப் போன குலதெய்வமான சாஸ்தா எந்தக் கண்மாய்க் கரையில் இருக்கிறார், பொங்கல் வைக்கப் பானையும் விறகும் யார் தருவார், பூசாரியைப் பிடித்துத் தருகிறவர் யார், வயதான அம்மாள் ஒதுங்குவதற்குச் சுத்தமான இடம் உண்டா என்பவைதான் அவர்களுடைய கவலைகள். உள்ளூர்ப் பையனுக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. பட்டணத்துக் கம்பெனிக்கு ஏழு ஜன்மத்திலும் புரியாது.

அல்லது, பஞ்சபூதத் தலங்களை எடுத்துக்கொள்ளுங்கள். மண்ணுக்குச் சங்கரன்கோவில், நெருப்புக்குக் கரிவலம்வந்தநல்லூர், நீருக்குத் தாருகாபுரம், காற்றுக்குத் தென்மலை, ஆகாயத்துக்குத் தேவதானம் என்று ஐந்தும் இந்த வட்டாரத்திலேயே அமைந்திருக்கின்றன. சிவராத்திரிக்கு ஐந்தையும் தரிசிக்கும் வழக்கமும் உண்டு. ஆனால் தேவதானம் விருதுநகர் ஜில்லா. மற்றவை தென்காசி ஜில்லா. தென்மலை என்று கைபேசியில் தேடினால் அது மலையாளத்து அணைக்கட்டுக்கு வழி காட்டினாலும் காட்டும்! அசலூர்க்காரர் திண்டாடுகிற இந்த இடத்தில்தான் உள்ளூர்க்காரனின் வியாபாரம் இருக்கிறது.

வழியிலே நெல்கட்டும்செவல் இருக்கிறது. வெள்ளையரை எதிர்த்து நின்ற பூலித்தேவரின் ஊர். பிடிபட்ட தேவர் வழியில் சங்கரன்கோவில் சந்நிதிக்குள் புகுந்து மறைந்துவிட்டார் என்று ஜனங்கள் இன்றும் சொல்லுகிறார்கள். கிழக்கே சுமார் 20 கிலோமீட்டரில் கழுகுமலை. பாண்டியர் காலத்தில் ஒரே பாறையை மேலிருந்து குடைந்து செதுக்கி, முடிக்காமல் விட்ட வெட்டுவான் கோவிலும், பாறைமேல் சமணச் சிற்பங்களும் அங்கே உண்டு. இவற்றைக் குழந்தைகளுக்குப் புரியும்படி, பொய் கலவாமல், அரை மணியில் சொல்லக் கூடிய ஒரு பெண்ணையோ பையனையோ தயார் செய்தால், அதுவே ஒரு மூலதனம்.

ஆடித் தபசு ஒரு நாள். மற்ற 364 நாளைக்கு என்ன செய்வது என்ற ஆட்சேபம் நியாயமானதே. அதற்கும் பஞ்சாங்கத்தைத்தான் புரட்ட வேண்டும். ஆனி, ஆடியில் குற்றாலத்துச் சாரல், கார்த்திகை, மார்கழியில் ஐயப்பன்மார்கள், மாசியில் சிவராத்திரி, பங்குனியில் சாஸ்தா. இடையில் வரும் வெற்று மாதங்களில் வேனை எதற்கு உபயோகிப்பது, கடன் தவணையை எப்படிக் கட்டுவது என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். மாணாக்கன் ஆசையைச் சோதிக்க அந்தக் கணக்கே போதும்.

இனிமேல்தான் நேயர்களாகிய உங்களிடம் வருகிறோம். ஐஸெக் அய்சென் என்ற மனோதத்துவப் பண்டிதர், ஒருவனுடைய தீர்மானத்தை மூன்று விஷயங்கள் உருவாக்குகின்றன என்று 1991-இல் விரிவாக எழுதினார். அந்தக் காரியத்தில் அவனுக்கு உள்ள விருப்பம். தன்னால் முடியும் என்ற நம்பிக்கை. தனக்கு வேண்டியவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற எண்ணம். முதல் இரண்டையும் நல்ல ஆசிரியர் ஓரளவு வளர்க்கலாம். மூன்றாவது, வாத்தியாருக்கு எட்டாத இடத்தில், உங்கள் வீட்டுச் சாப்பாட்டுக் கூடத்தில் இருக்கிறது.

பையன் மெதுவாக ஆரம்பிக்கிறான்: "அப்பா, ஒரு வேன் எடுத்து, வாரவங்களுக்குக் கோவிலெல்லாம் சுத்திக் காட்டலாம்னு பார்க்கேன்."

"ஏலே, பி.காம். படிச்சது டிரைவர் வேலைக்கா? பொண்ணு கேட்டுப் போனா மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம்னு சொல்லச் சொல்லுத?"

அவ்வளவுதான், மூன்று வருஷப் பாடம் மூன்று நிமிஷத்தில் முடிந்தது. பெண் பிள்ளையாயிருந்தால் இந்தச் சம்பாஷணை ஆரம்பிப்பதுகூட இல்லை. மாடியில் சும்மா கிடக்கும் இரண்டு அறைகளை யாத்திரிகக் குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டு, இட்லி வார்த்துக் கொடுத்து, வரவு செலவு எழுதி நடத்தக் கூடிய பெண், நாள் சம்பளத்துக்கு எங்கேயோ போய்வர வேண்டியதாகிறது.

தகப்பனாரின் பயத்தை நாம் பரிகசிக்கவில்லை. 2020-இல் பெருந்தொற்று வந்து கோவில் கதவுகள் பக்தர்களுக்கு மூடப்பட்டபோது, யாத்திரிகர்களை நம்பியிருந்தவர்கள் பட்ட பாடு யாவரும் அறிந்ததே. மாதச் சம்பளக்காரர்களில் பலர் அந்தக் கஷ்டத்தை அப்படி உணரவில்லை. அந்த நினைவு உள்ளவர், பிள்ளையின் கையில் முழு மூலதனத்தையும் தூக்கிக் கொடுக்க வேண்டாம், கொடுக்கவும் கூடாது. வேன் வாங்குவதற்குப் பதில் ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பார்க்கட்டும். கலாசாலையும் எழுத்துப் பரீட்சையில் பாதி மதிப்பெண்ணைக் கழித்து, அந்த ஒரு நாள் யாத்திரைக்கு ஒதுக்கலாம்: நான்கு மாணாக்கர்கள், பன்னிரண்டு பிரயாணிகள், ஐந்து கோவில்கள், ஒரு வரவு செலவுக் கணக்கு. நஷ்டம் வந்தாலும், கணக்கு உண்மையாயிருந்தால் முழு மதிப்பெண்.

முதல் யாத்திரைக்குப் பிரயாணிகள் எங்கிருந்து கிடைப்பார்கள் என்று யோசிக்க வேண்டாம். அந்த மாணாக்கர்களின் தாய் தகப்பன்மார்களே டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறி உட்காரலாம். ஒரே ஒரு நிபந்தனை: பிள்ளையின் வேன்தானே என்று இனாமாகப் போகக் கூடாது!