சிங்கிள் மால்ட்டும் குவாட்டரும்: கல்லீரல் லேபிள் படிக்காது

1/
நண்பர்கள் குரூப்பில் மாசம் ஒரு தடவையாவது எனக்கு வர்ற கேள்வி இது.

"டாக்டர், நான் லோக்கல் சரக்கு தொடுறதே இல்ல. சிங்கிள் மால்ட் மட்டும்தான். லிவருக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

என் வார்டில் படுத்திருக்கும் யாரும் இதைக் கேட்டதில்லை. அவங்க கேட்கிறது வேற: "குவாட்டரை கட்டிங்கா குறைச்சுக்கிட்டா போதுமா சார்?"

ரெண்டு பேருக்கும் சேர்த்து இந்த த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/
முதல்ல, சிங்கிள் மால்ட்னா என்ன?

முளைகட்டிய பார்லி மட்டும். ஒரே டிஸ்டில்லரி. பானை வகை வடிகலனில் காய்ச்சணும். ஸ்காட்லாந்திலேயே, 700 லிட்டருக்கு மிகாத ஓக் மரப் பீப்பாயில் குறைஞ்சது 3 வருஷம் ஊறணும். பாட்டிலில் குறைஞ்சது 40% ஆல்கஹால் இருக்கணும். தண்ணீரும் சாதா கேரமல் நிறமும் தவிர வேறு எதுவும் சேர்க்கக் கூடாது.

பிரிட்டனின் 2009-ம் வருஷத்து ஸ்காட்ச் விஸ்கி விதிமுறை சொல்வது இது. இதில் ஒண்ணு தவறினாலும் சிங்கிள் மால்ட் ஸ்காட்ச்னு லேபிள் ஒட்ட முடியாது.

3/
அதை ருசித்து மதிப்பிடுவது வெறும் பந்தா இல்லை. நிஜமான பயிற்சி வேணும்.

பார்லியை பீட் எனும் கரிமண் புகையில் உலர்த்தினால் ஃபீனால் வகை வேதிப்பொருள்கள் ஏறும். ஐலா தீவு விஸ்கியை மோந்து பார்க்கிறவங்க "ஆஸ்பத்திரி வாடை"னு சொல்றது அதனால்தான். நம்ம பழைய வார்டு ஃபீனாயிலுக்கு அது தூரத்துச் சொந்தம்.

ரெண்டு சொட்டு தண்ணி விட்டா மணம் மேலே வரும்னு பழைய ஆட்கள் சொல்வாங்க. 2017-ல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணினி மாதிரியில் அதைக் காட்டினாங்க: ஆல்கஹால் அடர்த்தி குறையும்போது புகை மணம் தரும் குவாயகால் திரவத்தின் மேற்பரப்புக்கு வருது.

4/
இதுக்கு ஸ்காட்லாந்து வரை போக வேண்டாம். பெங்களூரில் 1948-ல் தொடங்கிய அம்ருத் நிறுவனம் 2004-ல் தன் சிங்கிள் மால்ட்டை அறிமுகப்படுத்தியது கிளாஸ்கோ நகரில். திருநெல்வேலிக்கே போய் அல்வா விற்ற மாதிரி! 2010-ல் விஸ்கி விமர்சகர் ஜிம் மர்ரே அவங்க ஃப்யூஷனை உலகின் மூணாவது சிறந்த விஸ்கின்னு எழுதினார்.

ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து வருஷத்துக்கு சுமார் 2% ஆவியாகும். பெங்களூர் வெயிலில் 10 சதவீதத்துக்கும் மேல். அதனால நம்ம ஊர் மால்ட் சீக்கிரமே முதிர்ந்துடும். கோவாவின் பால் ஜான் டிஸ்டில்லரியில் போய்ப் பார்க்க பார்வையாளர் மையமே இருக்கு.

5/
நம்ம ஊரில் "விஸ்கி"ன்னு பெரும்பாலும் விற்பது என்ன? சர்க்கரை ஆலை மொலாசஸிலிருந்தோ தானியத்திலிருந்தோ எடுத்த ஸ்பிரிட்டில் மணமும் கேரமல் நிறமும் சேர்த்தது. சிலதில் கொஞ்சம் மால்ட் கலப்பாங்க. மொலாசஸ் சரக்கை ஐரோப்பாவில் விஸ்கின்னு சொல்லி விற்கவே முடியாது.

ஆக, மூக்குக்கும் நாக்குக்கும் ரெண்டும் ஒண்ணு இல்லை. அதை நான் மறுக்கலை.

6/
ஆனா தொண்டையைத் தாண்டினதும் கணக்கு மாறுது. கல்லீரலுக்குத் தெரிஞ்சது ஒரே அளவு: எத்தனை கிராம் எத்தனால்?

• 42.8% விஸ்கி, 60 மி.லி. = சுமார் 20 கிராம்
• அதே குவாட்டர், 180 மி.லி. = சுமார் 61 கிராம்
• 8% ஸ்ட்ராங் பீர், 650 மி.லி. = சுமார் 41 கிராம்
• தண்ணி கலக்காத 57% "காஸ்க் ஸ்ட்ரெங்த்" சிங்கிள் மால்ட், 60 மி.லி. = சுமார் 27 கிராம்

கடைசி வரியை இன்னொரு தடவை பாருங்க. பல ஆயிரம் ரூபாய் பாட்டிலில் ஒரு லார்ஜுக்கு எத்தனால் கூட!

7/
உள்ளே போன எத்தனாலை கல்லீரல் அசிட்டால்டிஹைடா மாத்தும். திசுக்களை அரிப்பதில் இதுக்குப் பெரிய பங்கு. மணிக்கு சுமார் 7 முதல் 10 கிராம்தான் அதால முடியும். 12 வருஷம் ஊறினதா, போன வாரம் கலந்ததான்னு அது பார்க்காது. லேபிள் படிக்கத் தெரியாத உறுப்பு அது.

8/
"நல்ல சரக்குன்னா மறுநாள் தலைவலி இருக்காது."

தப்பு. நிறமும் மணமும் தரும் துணைப் பொருள்களுக்கு கான்ஜெனர்னு பேர். பீப்பாயில் ஊறிய சரக்கில் அது அதிகம். போர்பன் விஸ்கியையும் வோட்காவையும் ஒப்பிட்ட ஆய்வில் மறுநாள் அவதி அதிகமா இருந்தது விஸ்கி குடிச்சவங்களுக்குத்தான்.

9/
"கொஞ்சமா குடிச்சா மருந்து."

மதுவிலக்கு காலத்து அமெரிக்காவில் டாக்டர் சீட்டு எழுதி விஸ்கி விற்றது உண்மை. நம்ம வீடுகளில் சளிக்கு பிராந்தி கொடுத்ததும் உண்மை. ரெண்டுமே மருத்துவம் இல்லை. (குழந்தைக்கு ஒரு சொட்டுகூட கொடுக்காதீங்க. ரத்தச் சர்க்கரை இறங்கி வலிப்பு வரலாம்.)

மது புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு முதல் பிரிவில் சேர்த்தது 1988-ல். "பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை" என்று அந்த நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாவே சொல்லிடுச்சு.

10/
ஒரு வித்தியாசத்தை நேர்மையா சொல்லணும். முறையான பாட்டில் சரக்கில் மெத்தனால் அபாயம் இல்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் இறந்தது மெத்தனால் கலந்த சாராயத்தால். அது ஒரே ராத்திரியில் கண்ணையும் உயிரையும் எடுக்கும்.

எத்தனால் பத்து, பதினைந்து வருஷம் எடுத்துக்கும். "உடனே கொல்லாது" என்பதை "பாதுகாப்பானது"ன்னு படிக்காதீங்க.

11/
இப்போ என் கருத்துக்கு வர்றேன்.

டாஸ்மாக் வாசலில் நிற்கிறவருக்கு நாம வெச்சிருக்கும் பேர் "குடிகாரன்". கிளப்பில் ட்யூலிப் வடிவ கிளாஸைச் சுழற்றுறவருக்கு "ரசிகர்". வயிற்றில் நீர் கோத்து, ரத்த வாந்தியோடு வரும்போது ரெண்டு பேருக்கும் ஒரே எண்டோஸ்கோப்பிதான்.

ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. முதல் ஆளை வீட்டில் சண்டை போட்டாவது ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டு வந்துடுவாங்க. ரெண்டாவது ஆள் தனக்கு நோய் வரும்னே நம்ப மாட்டார். "நான் குவாலிட்டி சரக்குதானே"ன்னு சொல்லிச் சொல்லியே லேட்டா வருவார். இந்த நம்பிக்கைதான் எனக்குப் பயமா இருக்கு.

12/
சிங்கிள் மால்ட் உலகத்துகிட்ட கத்துக்க வேண்டியதும் இருக்கு. யாரும் அதை இங்கே இறக்குமதி பண்றதில்லை.

தொழில்முறையா மதிப்பிடுறவங்க வேலை பெரும்பாலும் மூக்கில்தான். சரக்கை சுமார் 20 சதவீதம் வரை தண்ணி விட்டு இறக்கி, மோந்து பார்த்து, குறிப்பு எழுதுவாங்க. வாயில் வெச்சாலும் துப்பிடுவாங்க. நாள் பூரா டஜன் கணக்கில் மாதிரி பார்க்கணும். விழுங்கினா வேலை நடக்காது.

நம்ம ஊர் "டேஸ்டிங்" பார்ட்டி சிலதுக்கு நண்பர்கள் கூப்பிட்டுப் போயிருக்கேன். துப்புற கிண்ணத்தை ஒரு இடத்திலும் பார்த்ததில்லை.

13/
இன்னொண்ணு. ஸ்காட்லாந்தில் பல டிஸ்டில்லரிகளில், சுற்றிப் பார்க்க வண்டி ஓட்டிட்டு வர்றவருக்கு அங்கேயே குடிக்கக் கொடுக்க மாட்டாங்க. அவர் பங்கை குட்டி பாட்டிலில் ஊத்தி வீட்டுக்குக் கொடுத்தனுப்புவாங்க. "டிரைவர்ஸ் டிராம்"னு பேர். 2014 டிசம்பரில் அங்கே ஓட்டுநருக்கான வரம்பை 100 மி.லி. ரத்தத்துக்கு 80 மி.கிராமிலிருந்து 50-ஆகக் குறைச்சாங்க.

விஸ்கியை விற்றுப் பிழைக்கிற ஊரே இந்த ஒழுங்கை வெச்சிருக்கு.

14/
நம்ம சட்டம் அதைவிடக் கடுமை: 30 மி.கிராம். ஒரே ஒரு லார்ஜ் பலரை அந்தக் கோட்டைத் தாண்ட வெச்சுடும். முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம், 6 மாசம் வரை சிறை.

ஆனா எந்த பார் வாசலையும் பாருங்க, வரிசையா டூவீலர். நான் இருக்கிற நந்தனத்தில், ராத்திரி பத்தரைக்கு அண்ணா சாலை சிக்னலில் ஹோட்டல் பாரிலிருந்து வர்ற காரும் நிற்கும், டாஸ்மாக்கிலிருந்து வர்ற பைக்கும் நிற்கும். போலீஸ் ஊதச் சொல்ற கருவிக்கும் பிராண்ட் தெரியாது. நடுவில் ரோடு கிராஸ் பண்றவருக்கும் தெரியாது.

15/
அரசுக்கு என் கோரிக்கை இரண்டு.

ஒண்ணு: ஒவ்வொரு பாட்டிலிலும் "இதில் இத்தனை கிராம் ஆல்கஹால்"னு தமிழில் பெரிய எழுத்தில் போடணும். ஆஸ்திரேலியாவில் எத்தனை "ஸ்டாண்டர்ட் டிரிங்க்"னு பாட்டிலிலேயே இருக்கும். நம்ம பாட்டிலில் "உடல்நலத்துக்குக் கேடு" இருக்கு. எவ்வளவு கேடுன்னு இல்லை. எதிலிருந்து தயாரிச்சதுன்னும் எழுதணும். 5,000 ரூபாய் பாட்டில் வாங்குறவருக்குக் கிடைக்கிற தகவல், குவாட்டர் வாங்குறவருக்கும் கிடைக்கணும்.

இரண்டு: பார் வாசலிலேயே, வண்டி எடுக்கும் முன்னாடி சோதனை வேணும்.

2003-லிருந்து மாநிலத்தில் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் கையில். விற்கிறவரே அரசு என்பதால் மனசு வெச்சா செய்யலாம்.

16/
குடிக்கிறவங்களுக்கு: பெக் எண்ணாதீங்க, கிராம் எண்ணுங்க. வீட்டில் கண்ணளவில் ஊத்துற "ஒரு பெக்" பல சமயம் 90 மி.லி. இருக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை லிவர் ஃபங்ஷன் டெஸ்ட் எடுங்க. ரிசல்ட் நார்மல்னா அது அனுமதிச் சீட்டு இல்லை. சிரோஸிஸ் வந்த பிறகும் சிலருக்கு நார்மலா காட்டும்.

குடிக்காதவங்களுக்கு: "இதயத்துக்கு நல்லது", "ரசனை"ன்னு யார் சொன்னாலும் ஆரம்பிக்காதீங்க.

17/
தினமும் நிறைய குடிக்கிறவங்க, இதைப் படிச்சுட்டு நாளைக்கே திடீர்னு நிறுத்தாதீங்க. கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு வாங்க. மருந்து கொடுத்து, தயமின் கொடுத்து, பத்திரமா நிறுத்த வைப்போம். செலவு இல்லை. வர்றதுக்கு முன்னாடி பேசணும்னா டெலி மானஸ்: 14416.

18/
ஆக, கேட்ட நண்பர்களுக்கு: உங்க சிங்கிள் மால்ட் மணத்தில் உசத்திதான். ஆபத்தில் குவாட்டருக்குச் சமம்.

வார்டில் கேட்டவருக்கு: கல்லீரல் வீங்கிப் படுத்த பிறகு கட்டிங்கும் கிடையாதுய்யா. முழுசா நிறுத்தணும். கூட இருக்கோம்.

உங்க குரூப்பில் "குவாலிட்டி சரக்கு" பேசுற ஒருத்தருக்காவது இதை அனுப்புங்க.