பறவைகளைக் கண்டால் மட்டும் போதுமா?

வசந்தம் வந்தால் பறவைகள் வரும் என்று ஆங்கிலப் பாடங்களில் படித்திருக்கிறோம். அது குளிர்நாடுகளின் வசந்தம். நம் திருவள்ளூர் மாவட்டத்தில் மாசியும் பங்குனியும் பறவைகளை வழியனுப்பும் மாதங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையை ஒட்டி வந்து, நம் ஏரிகளிலும் பழவேற்காட்டுக் காயலிலும் தங்கிய ஊசிவால் வாத்துகளும் நீலச்சிறகிகளும் உள்ளான்களும், வெயில் ஏறுமுன் வடக்கே புறப்படுகின்றன. உள்ளான் இனங்களில் சில, சைபீரியாவின் வடகோடியில் முட்டையிடுபவை. நம் சேற்றில் புழுவும் பூச்சியும் தின்று உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டால்தான் அவற்றால் அவ்வளவு தூரம் பறக்க முடியும். பள்ளித் தோட்டங்களில் மாலை ஆறு மணிக்குக் குரல் கொடுக்கும் ஆறுமணிக் குருவியும் கோடையில் வடக்கே போய்விடும். ஆகவே, இளவேனிலில் பறவை காணச் செல்பவர்கள், விருந்தினரைத் தெருமுனை வரை சென்று வழியனுப்பி வைப்பவர்கள் என்றே சொல்லலாம்.

இத்தகைய உலாக்கள் நம் பகுதியில் பெருகி வருவது மகிழ்ச்சிக்குரியது. பழவேற்காடு, சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருந்தாலும், தென்பகுதி நம் மாவட்டத்தைச் சேர்ந்தது. அண்ணாமலைச்சேரிப் பக்கம் விடுமுறை நாட்களில் பைனாகுலரும் கேமராவுமாகப் பலர் வந்து இறங்குகிறார்கள். தலையைக் கவிழ்த்து, அலகை நீரில் தலைகீழாக அமிழ்த்தி இரை வடிகட்டும் பூநாரைகளைக் கண்டு வியக்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், வீடு திரும்புகிறார்கள். எங்கள் கேள்வி இதுதான்: கண்டு களித்தால் மட்டும் போதுமா?

போதாது என்பதே எங்கள் கருத்து. கண்டதை எழுதி வைக்க வேண்டும். எழுதியதைப் பிறரோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். அதே சமயம், பகிரக் கூடாதது எது என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

கண்டதைச் சொல்லி வைப்பது தமிழருக்குப் புதிதன்று. நாரையைத் தூது அனுப்பிய சத்திமுத்தப் புலவரை நாம் அனைவரும் அறிவோம். அந்த நாரையின் சிவந்த கால்களையும், பிளந்த பனங்கிழங்கு போன்ற அலகையும் அவர் குறித்திருக்கிறார். அது தென்திசை சென்று குமரியில் நீராடி, பின்பு வடக்கே திரும்பும் என்றும் பாடியிருக்கிறார். வறுமையில் வாடிய ஒரு மனிதர், மனைவியைப் பிரிந்திருந்த துயரத்திலும், ஒரு பறவையின் நிறம், வடிவம், பயணத் திசை ஆகிய மூன்றையும் பிழையின்றி நமக்கு விட்டுச் சென்றிருக்கிறார். கையில் நோட்டும் பேனாவும் உள்ள நாம் சும்மா பார்த்துவிட்டு வரலாமா?

எழுதி வைப்பதால் என்ன பயன் என்று சிலர் கேட்கக்கூடும். அதற்கு இரண்டு பறவைகளைச் சாட்சியாக அழைக்கிறோம். சிட்டுக்குருவி நாட்டை விட்டே அழிந்துவிட்டது, செல்போன் கோபுரங்களே காரணம் என்று பேச்சுப் போட்டிகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். ஆனால் நாடெங்கும் பறவை ஆர்வலர்கள் சேர்த்த பட்டியல்களை ஆராய்ந்து 2020ஆம் ஆண்டு வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, பெருநகரங்களில் குறைந்திருந்தாலும் நாடு முழுவதையும் சேர்த்துப் பார்க்கும்போது சிட்டுக்குருவி ஏறத்தாழ நிலையாகவே உள்ளது என்று காட்டியது. மற்றது பனங்காடை. மின்கம்பியில் அமர்ந்து, பறக்கும்போது நீலச் சிறகு மின்னும் அந்தப் பறவையை எல்லா ஊரிலும் காண்பதால், அதற்கு ஒரு குறையும் இல்லை என்றே நினைத்திருந்தோம். 2023ஆம் ஆண்டின் அறிக்கையோ அது வேகமாகக் குறைந்து வருகிறது என்று எச்சரித்தது. அந்த அறிக்கைக்கு ஆதாரம் ஏறத்தாழ 30,000 பறவை ஆர்வலர்கள் எழுதிய மூன்று கோடிக் குறிப்புகள். அழுதுகொண்டிருந்த குருவிக்காக அழ வேண்டியதில்லை என்பதையும், யாரும் அழாத பனங்காடைக்காகக் கவலைப்பட வேண்டும் என்பதையும் நமக்குச் சொன்னவை இப்படிப் பலர் கூடி எழுதிய கணக்குகளே.

இனி நம் ஊருக்கு வருவோம். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகளைப் பார்த்தபடி வளர்ந்தவர்கள் நாங்கள். எங்கள் தந்தையரும் அண்ணன்மாரும் அங்கே ஷிப்டு பார்க்கிறார்கள். அந்தச் சம்பளத்தில்தான் எங்கள் பள்ளிக் கட்டணமும் சீருடையும். ஆகவே ஆலைகளை இழித்துப் பேச நாங்கள் இதை எழுதவில்லை. ஆனால் ஆலைக்கும் ஆலைக்கும் நடுவே சிற்றேரிகளும் தாங்கல்களும் புல்வெளிகளும் இருக்கின்றன. பழவேற்காட்டுக்குப் பெயர் உண்டு, சரணாலயம் என்ற பாதுகாப்பு உண்டு. பெயர் தெரியாத ஒரு தாங்கலுக்கு யார் இருக்கிறார்கள்? அதில் கட்டட இடிபாடுகள் ஒரு லாரி, இரண்டு லாரி என்று வந்து விழும்போது, கேட்பவர்களுக்குக் கிடைக்கும் பதில் ஒன்றே: "அது சும்மா கிடக்கிற இடந்தானே!"

சும்மா கிடக்கும் இடம் என்ற சொல் எவ்வளவு கேடு செய்யும் என்பதற்குப் பள்ளிக்கரணை ஓர் உதாரணம். சென்னையின் தெற்கே பரந்து கிடந்த அந்தச் சதுப்பு நிலம் தரிசாகக் கருதப்பட்டு, குப்பை மேடாகவும் சாலையாகவும் கட்டடமாகவும் சுருங்கியது. அங்கே எத்தனை வகைப் பறவை, எத்தனை வகை மீன், எத்தனை வகைச் செடி உண்டு என்று ஆர்வலர்களும் ஆராய்ச்சியாளர்களும் கணக்கெடுத்துக் காட்டிய பிறகே அரசின் பார்வை திரும்பியது. 2007ஆம் ஆண்டு அதன் ஒரு பகுதி காப்புக்காடாயிற்று. 2022ஆம் ஆண்டு உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் நிலங்களின் பட்டியலிலும் பள்ளிக்கரணை இடம் பெற்றது. நம் தாங்கல்களுக்கு அவ்வளவு புகழ் வேண்டாம். "இந்த இடத்தில் இன்ன தேதியில் இன்னின்ன பறவைகளைக் கண்டோம்" என்று ஒரு நோட்டுப் புத்தகமாவது இருந்தால், அது சும்மா கிடக்கும் இடம் இல்லை என்று எடுத்துக் காட்டலாம் அல்லவா?

சென்ற மார்ச் மாதத்தின் முதல் சனிக்கிழமை, எங்கள் வகுப்பு மாணவியர் இருபது பேர், விஞ்ஞானம் கற்பிக்கும் சிஸ்டருடனும் இரண்டு தாய்மாருடனும் அத்தகைய ஓர் ஏரிக்கரைக்குச் சென்றோம். காலை ஆறரை முதல் எட்டரை வரை இரண்டு மணி நேரத்தில் 34 வகைப் பறவைகளை எழுதினோம். பவளக்காலி, முக்குளிப்பான், கூழைக்கடா, வெண்மார்பு மீன்கொத்தி, கூட்டமாகப் பறந்த சோளக்குருவிகள் எல்லாம் அதில் அடக்கம். திரும்பும் வழியில் ஒரு சரளைத் திடலில் ஆள்காட்டிகள் இரண்டு எங்கள் தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தின. அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பாட்டி ஒருவர், "தள்ளி வாங்க பாப்பா, அது கத்துதுன்னா முட்டை கிட்டத்துல இருக்குதுன்னு அர்த்தம். நீங்க நிக்கிற வரைக்கும் அது முட்டைமேல உட்காராது, வெயில்ல வெந்துடும்" என்றார். உடனே விலகி நடந்தோம். ஆள்காட்டி கூடு கட்டுவதில்லை. வெறுந்தரையில், கற்களின் நிறத்திலேயே முட்டையிடும். பட்டியலில் ஆள்காட்டி என்று எழுதினோம். முட்டையிட்ட இடத்தை எழுதவில்லை.

பகிரக் கூடாதது எது என்று நாங்கள் மேலே குறிப்பிட்டது இதைத்தான். இன்ன பறவை நம் ஏரியில் உண்டு என்பது ஊரறிய வேண்டிய செய்தி. இன்ன இடத்தில் அதன் முட்டை உண்டு என்பது பறவையின் வீட்டு இரகசியம். ஒருவர் சொல்ல, பத்துப் பேர் படமெடுக்க வந்து நின்றால், பயந்த தாய்ப்பறவை கூட்டை விட்டே போய்விடும். காக்கையும் நாயும் நம் காலடித் தடத்தைப் பின்பற்றி வந்து முட்டையை உண்டுவிடும். செய்தியைத் தருவோம், கூட்டைத் தராதிருப்போம். ஆர்வலர்கள் எல்லோரும் இதை விதியாகக் கொள்ள வேண்டும்.

பறவைகளுக்காகத் தங்கள் சுகத்தைச் சற்று விட்டுக்கொடுத்த ஊர்கள் நம் தமிழகத்தில் உண்டு. வேடந்தாங்கல் மக்கள், பறவைகளைச் சுட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்களின் மேல் முறையிட்டு, 1790களிலேயே கலெக்டரிடம் எழுத்தில் உறுதி பெற்றார்கள். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் தங்கள் நெல்வயலுக்கு உரம் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிச் சரணாலயத்தை அடுத்துள்ள கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் செய்த காரியத்தை, பள்ளியில் படிக்கும் நாம் செய்யாதிருக்கலாமா?

எங்கள் பெற்றோர் சொல்லும் இரண்டு தடைகளுக்கும் பணிவோடு பதில் கூற விரும்புகிறோம்.

முதலாவது, "பத்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளைக்குப் பறவை மார்க் தருமா?" என்பது. நேராகத் தராது. ஆனால் இரண்டு மணி நேரம் பேசாமல் உற்று நோக்குவதும், கண்டதைக் கண்டபடி கூட்டாமல் குறைக்காமல் எழுதுவதும் எந்தப் பாடத்துக்கும் உதவும் பழக்கங்கள். மாதத்தில் ஒரு காலைப் பொழுதை இதற்குத் தந்தால் எந்தத் தேர்வும் கெட்டுவிடாது.

இரண்டாவது, "பெண்பிள்ளைக்கு விடியற்காலையில் ஏரிக்கரையில் என்ன வேலை?" என்பது. எங்கள் பாதுகாப்பை எண்ணி அப்பாவும் அம்மாவும் அஞ்சுவது நியாயமே. அதனால்தான் குழுவாக, பெரியவர்கள் துணையோடு செல்கிறோம். ஆனால் பறவை காண்பது ஆண்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணத்தை மட்டும் எங்களால் ஏற்க முடியாது. இந்தியப் பறவையியல் என்றவுடன் சாலிம் அலி அவர்களின் பெயரைச் சொல்கிறோம். அவர் பிறந்த நவம்பர் 12ஆம் நாளைத் தேசியப் பறவைகள் தினமாகக் கொண்டாடுகிறோம். அவர் காலத்திலேயே வாழ்ந்த ஜமால் ஆரா என்ற பெண்மணியை எத்தனை பேர் அறிவோம்? அன்றைய பீகாரின் சோட்டா நாக்பூர்க் காடுகளில் பறவைகளைக் கவனித்து எழுதியவர் அவர். பறவை காண்பது எப்படி என்று அவர் எழுதிய நூலை 1970ஆம் ஆண்டு நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டது. அவர் வழியில் நடக்க எங்களுக்கும் அனுமதி வேண்டும்.

பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. 2015ஆம் ஆண்டு முதல் தமிழகத்தில் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடந்து வருகிறது. பிப்ரவரியில் உலகெங்கும் நான்கு நாட்கள் கணக்கெடுக்கிறார்கள். ஓரிடத்தில் பதினைந்து நிமிடம் நின்று, கண்ட பறவைகளையும் எண்ணிக்கையையும் குறித்தால் போதும். மொட்டைமாடியும் பள்ளி மைதானமும் போதுமான இடங்கள். செல்போன் இல்லாத மாணவி நோட்டில் எழுதித் தந்தால், ஆசிரியை அதைப் பதிவு செய்து அனுப்பலாம். பெயர் தெரியாத பறவையா? நிறம், அலகு, கால், குரல் இவற்றை எழுதினால் போதும். வீட்டில் உள்ள தாத்தா பாட்டியைக் கேட்டால் நம் ஊர்ப் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆகவே, மதிப்பிற்குரிய சிஸ்டர் அவர்களிடமும் பெற்றோரிடமும் நாங்கள் வேண்டுவன மூன்று. வகுப்புக்கு ஒரு பறவை நோட்டு. மாதத்துக்கு ஒரு காலை உலா, அதுவும் தொலைவில் உள்ள காயலுக்கு மட்டுமன்றி நம் பக்கத்துத் தாங்கலுக்கு. அறிவிப்புப் பலகையில் ஓர் இடம், வந்த பறவைகளையும் புறப்பட்ட பறவைகளையும் எழுத. நாங்கள் இவ்வாண்டோடு பத்தாம் வகுப்பை முடிக்கிறோம். தங்கைமாரே, அடுத்த ஆண்டு மலரில் இந்தப் பக்கத்தை எங்களைப் போல் கட்டுரை எழுதி நிரப்ப வேண்டாம். நம் ஏரியில் நீங்கள் எண்ணிய பறவைகளின் பட்டியலை அச்சிடுங்கள். எங்கள் 34ஐ விட அது நீளமாக இருக்கட்டும்.