வல்லரசுகளின் வானூர்திகளும் வாழ்விழந்த தீவினரும்

நம் குமரிமுனைக்குத் தெற்கே ஏறத்தாழ 1,100 கல் தொலைவில், மாக்கடலின் நடுவே, மாந்தனின் காலடித் தடம் போன்ற வடிவில் ஒரு பவழத் தீவு கிடக்கின்றது. தியேகோ கார்சியா என்பது அதன் பெயர். 2025-ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியிலும் ஏப்பிரல் தொடக்கத்திலும் அமெரிக்க நாடு தன் பி-2 வகைக் குண்டுவீச்சு வானூர்திகளுள் ஆறனை அத்தீவிற் கொணர்ந்து நிறுத்தியது. அந்நாட்டினிடம் உள்ள அவ்வகை வானூர்திகள் எல்லாம் சேர்ந்தே இருபது அளவினவாம். எதிரியின் அலைக்கருவிகளுக்கு எளிதில் அகப்படாதவை. அணுக்குண்டு சுமந்து செல்ல வல்லவை. ஏமன் நாட்டின்மேல் அமெரிக்கா தாக்குதல் நடத்திக்கொண்டிருந்த காலம் அது. ஈரானை நோக்கிய அச்சுறுத்தலும் உடனிகழ்ந்தது. மே திங்களில் பி-52 வானூர்திகளும் அங்கு வந்து இறங்கின.

நம் நாளிதழ்களிற் பல இச்செய்தியை மற்போர்ச் செய்திபோல் வெளியிட்டன. எவ்வானூர்தி எத்துணைத் தொலைவு பறக்கும், எவர் வலியர், எவர் மெலியர் என்பனவே பேச்சாயின. அத்தீவு யாருடையது, அங்கே முன்னர் யார் வாழ்ந்தனர், அவர்கள் இன்று எங்கே என வினவினார் மிகச் சிலரே. தாயகமும் தன்னாட்சியும் பற்றிப் பேசும் நாமாவது அவ்வினாக்களை எழுப்புதல் வேண்டும்.

தியேகோ கார்சியா சாகோசுத் தீவுக் கூட்டத்தில் ஒன்று. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொணரப்பெற்றவர்களும், பின்னர் இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து வந்த தோட்டத் தொழிலாளரும் கலந்து, பல தலைமுறையாகத் தென்னந்தோப்புகளிடையே வாழ்ந்து ஒரு தனி மக்களாக உருவாயினர். மொரீசியசு விடுதலை பெற்றது 1968-இல். அதற்கு முன்னரே, 1965 நவம்பரில், பிரித்தானியம் அத்தீவுகளை மொரீசியசினின்றும் அறுத்தெடுத்துத் தனி ஆட்சிப்பகுதி ஆக்கிக்கொண்டது. 1966 திசம்பரில் அமெரிக்காவிற்குப் படைத்தளம் அமைக்க இசைந்தது. அதற்கு ஈடாகப் பொலாரிசு ஏவுகணை வாங்கியதில் 1 கோடியே 40 இலக்கம் தாலர் தள்ளுபடி பெற்றது. இவ்வாணிகம் இரு நாட்டு மன்றங்களுக்குமே மறைக்கப்பட்டது. பின்னர் 1973-க்குள் ஆயிரத்தைந்நூற்றுக்கும் மேற்பட்ட தீவினர் மொரீசியசிலும் சீசெல்சிலும் கொண்டுபோய் இறக்கிவிடப்பட்டனர். அவர்கள் வளர்த்த நாய்களையும் அதிகாரிகள் விட்டுவைக்கவில்லை. கொட்டிலில் அடைத்து நச்சுப்புகையாற் கொன்றனர்.

இக்கொடுமை முதன்முதலில் நடந்தது ஒரு சொல்லால் என்பதைத் தமிழறிந்தோர் கருதிப்பார்த்தல் வேண்டும். ஒரு மக்களினத்தை அதன் மண்ணினின்றும் பெயர்த்தால் ஒன்றிய நாடுகள் அவை வினவும். ஆகவே பிரித்தானிய அதிகாரிகள், 'நிலையான குடிகள் அங்கு எவருமிலர். இருப்போர் உடன்படிக்கைக் கூலிகள்' என்று எழுதிக்கொண்டனர். பாட்டனும் பூட்டனும் புதைக்கப்பட்ட மண்ணிற் பிறந்தவன் ஒரே எழுத்தில் வழிப்போக்கன் ஆயினான். இவ்வித்தை நமக்குப் புதிதன்று. இலங்கை மலையகத்தைத் தம் குருதியால் வளப்படுத்திய நம் உறவினர் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர் ஆக்கப்பட்டனர். 1964-இல் சிறிமாவோ–சாத்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவிற்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பண்டம்போற் பங்கிட்டது. அம்மக்களை எவரும் ஒரு சொல் கேட்டாரல்லர். ஓர் இனத்தின் பெயரை முதலில் அழிப்பர். பின்னர் அதன் ஊரை அழிப்பர்.

இப்படைத்தளம் எவரையேனும் காக்கின்றதா? வரலாற்றைப் பார்ப்போம். 1914 செப்தம்பர் 22 இரவில் செருமானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தைக் குண்டுகளால் தாக்கியது. மூன்று கிழமைக்குள் அதே கப்பல் தியேகோ கார்சியாவில் நங்கூரமிட்டது. தீவினர்க்குப் போர் மூண்ட செய்தியே தெரியாது. வந்தவரை வரவேற்று உணவுப் பொருள் கொடுத்தனர். கப்பலும் எவர்க்கும் தீங்கின்றிச் சென்றது. எண்ணெய்க் கொள்கலன்கள் நின்ற சென்னையில் தீ. ஒன்றுமில்லாத தீவில் விருந்தோம்பல்! 1942 ஏப்பிரல் 9-இல் சப்பானிய வானூர்திகள் திருக்கோணமலையைத் தாக்கியதும் அங்கே பிரித்தானியரின் கடற்படைத்தளம் இருந்தமையாலேயே அன்றோ? தளம் எங்கோ, குண்டும் அங்கே.

தளமின்றிப் போர் இயலாது என்பாரும் உளர். 2025 சூன் 22-இல் ஈரானின் அணுநிலையங்களைத் தாக்கிய ஏழு பி-2 வானூர்திகள் அமெரிக்காவின் மிசோரி மாநிலத்தினின்றும் புறப்பட்டவை. தியேகோ கார்சியாவினின்றும் அல்ல. தம் மண்ணிலிருந்தே உலகின் மறுபுறத்தைத் தாக்கவல்லார்க்கு ஏழை மக்களின் தீவு இன்றியமையாதது என்பது எவ்வாறு பொருந்தும்?

இனி, மற்றை வல்லரசு தூயதோ எனின், அன்று. தென்சீனக் கடலின் பவழத்திட்டுகளிற் மணலைக் கொட்டிச் சீனம் ஓடுபாதைகள் அமைத்தது. 2018 மே திங்களில் தன் குண்டுவீச்சு வானூர்தியைப் பரசல் தீவுகளில் இறக்கிக் காட்டியது. 2019 சூலையில் சீன, இரசியக் குண்டுவீச்சு வானூர்திகள் முதன்முறையாக இணைந்து பறந்தபோது, தென்கொரியப் போர்வானூர்திகள் இரசிய வானூர்தி ஒன்றை எச்சரித்துச் சுட்டன. ஒரு நொடிப் பிழை நேர்ந்திருப்பின் என்னாகியிருக்கும்? 2017-இல் சிபூத்தியிற் படைத்தளமும், அம்பாந்தோட்டைத் துறைமுகத்தின்மேல் 99 ஆண்டுக் குத்தகையும் சீனத்திற்கு வாய்த்தன. 2025 மே 22-இல் பிரித்தானியமும் மொரீசியசும் கையொப்பமிட்ட உடன்படிக்கையிலும் தியேகோ கார்சியாவின் குத்தகைக் காலம் 99 ஆண்டே! இருவரும் பகைவர், ஆயினும் இருவர் கணக்கும் ஒன்று.

இந்திய அரசும் ஆட்டத்திற்குப் புறத்தே இல்லை. மொரீசியசின் அகலேகாத் தீவில் அது அமைத்த ஓடுபாதை 2024 பிப்பிரவரியில் திறக்கப்பட்டது. அரக்கோணத்திலிருந்து பி-8 வகைக் கடற்காவல் வானூர்திகள் பறக்கின்றன. 2020 சனவரியில், சோழவளநாட்டின் நெல்வயல்களுக்கு நடுவே, தஞ்சையில் சுகோய்-30 வானூர்தி அணி நிறுவப்பட்டது. தளம் எங்கோ, குண்டும் அங்கே என்றோம். அங்ஙனமாயின், இவற்றைப் பற்றித் தமிழ்நாட்டு மக்களை எவர் கேட்டனர்?

'ஏதேனும் ஒரு வல்லரசைச் சார்ந்தால் ஈழத்தமிழர்க்கு விடிவு பிறக்கும்' என்று நம்மவருள்ளும் சிலர் கூறுவர். அவர்களுக்கு 2009-ஐ நினைவூட்டுவோம். இலங்கை வான்படையிலிருந்த போர்வானூர்திகள் எங்கிருந்து வந்தவை? கிபீர் இசுரேலினது, எப்-7 சீனத்தினது, மிக்-27 உக்கிரைனிலிருந்து வாங்கப்பட்டது. அலைக்கருவி தந்தது இந்தியா. முள்ளிவாய்க்கால் முடிந்த சில நாளில், மே 27-இல், மாந்த உரிமை மன்றத்தில் இலங்கைக்குச் சார்பாக 29 நாடுகள் நின்றன. அவற்றுள் இந்தியாவும் சீனமும் பாக்கித்தானும் ஒருங்கே இருந்தன. எல்லையிற் பகைவர், நம் பிணத்தின்மேல் நண்பர்!

அந்தத் தீவிலேயே நம்மவர் பட்ட பாடும் உண்டு. 2021 அகுத்தோபரில், கனடா நோக்கிச் சென்ற மீன்பிடி படகொன்று பழுதுற்றதால், ஈழத்தமிழர் 89 பேர் தியேகோ கார்சியாவிற் கரையேற்றப்பட்டனர். வேலியிட்ட கூடார முகாமில், எலிகளுக்கிடையே, குழந்தைகளோடு அடைக்கப்பட்டனர். உண்ணாநோன்பிருந்தனர், சிலர் தம் உயிரையே மாய்த்துக்கொள்ள முயன்றனர். பெரும்பாலோர் பிரித்தானியம் சேர்ந்தது 2024 திசம்பரில். அத்திங்களிலேயே, அவர்களை அடைத்துவைத்தது சட்டத்திற்குப் புறம்பானது என அப்பகுதியின் உயர்மன்றம் தீர்ப்பளித்தது. வானூர்திக்கு அங்கே வலிய கொட்டகை உண்டு. தமிழ்க் குழந்தைக்கு மூன்றாண்டும் கந்தற் கூடாரமே.

ஆகவே நாம் வேண்டுவன மூன்று.

ஒன்று: 1971 திசம்பரில் ஒன்றிய நாடுகள் அவை இம்மாக்கடலை அமைதிக்களம் என அறிவித்தது. அவ்வறிவிப்பு உயிர்பெறல் வேண்டும். எவ்வல்லரசின் குண்டுவீச்சு வானூர்தியும் இங்குத் தங்குதல் கூடாது. விலக்கு எவர்க்கும் இல்லை.

இரண்டு: சாகோசு மக்கள் தம் தீவுகள் அனைத்திற்கும் மீளும் உரிமை பெறல் வேண்டும். பிரித்தானியம் அத்தீவுகளை விட்டு நீங்குதல் வேண்டும் என 2019-இல் உலக முறைமன்றம் கருத்துரைத்தது. ஒன்றிய நாடுகள் அவையில் 116 நாடுகள் அதன் சார்பாகவும் 6 நாடுகளே எதிராகவும் நின்றன. இருந்தும் 2025 உடன்படிக்கை தியேகோ கார்சியாவிற் குடியேறும் உரிமையை அம்மக்களுக்கு வழங்கவில்லை. வீட்டைத் தந்து அடுப்பங்கரையை வைத்துக்கொள்வதா?

மூன்று: இது நம் கையிலேயே உள்ளது. தாக்குவதற்கென நிற்கும் வானூர்தியைப் 'பாதுகாப்பு ஏற்பாடு' என்று எழுதாதிருப்போம். துரத்தப்பட்ட மக்களை 'இடம்பெயர்ந்தோர்' என்று எழுதாதிருப்போம். தாமே பெயர்ந்தாரா அவர்? குண்டைக் குண்டென்றும் கொலையைக் கொலையென்றும் சொல்லுதற்குத் தமிழிற் சொற்பஞ்சம் இல்லை. ஆசிரியர்கள் வகுப்பிலும், எழுத்தாளர்கள் இதழிலும் இச்சொன்னேர்மையைக் காத்தல் வேண்டும்.

கழுகுகள் இரண்டு வானத்திற் பொருதும்போது, 'எக்கழுகு நல்லது?' என்று கோழிக்குஞ்சு ஆராய்தல் பேதைமை. தமிழர்களே! நம் கடலின் நடுவே ஓர் எளிய மக்களினம் வேரோடு பறிக்கப்பட்டது. அவர் நம்மைப் போன்றவர். நாம் அவரைப் போன்றவர். வலியவன் பக்கம் நின்று கைதட்டுவதை விடுத்து, நிலமிழந்தவன் பக்கம் நின்று குரல் கொடுப்போம். அதுவே தமிழறம்.