கச்சத்தீவுக்கு அழுகிறவர்கள் ஐந்தேகால் லட்சம் பேருக்கு ஏன் அழவில்லை?

தேர்தல் வந்தால் கச்சத்தீவும் வந்துவிடும். 285 ஏக்கரை யார் தூக்கிக் கொடுத்தது, யார் வாய்மூடி இருந்தது என்று மேடைக்கு மேடை வழக்காடுவார்கள். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் பிரதமரே அதைக் கையிலெடுத்தார். தமிழகக் கட்சிகளும் பதிலுக்குப் பதில் பேசின. மீனவர்களின் வயிற்றுப்பாடு அதில் இருக்கிறது. அதை நாங்கள் சிறுமைப்படுத்தவில்லை. ஆனால் ஒரு கேள்வி உண்டு. கச்சத்தீவுக்குப் பத்தாண்டு முன்னால் இதே இலங்கையோடு இந்தியா இன்னொரு ஒப்பந்தம் போட்டது. அதில் கைமாறியவர்கள் மனிதர்கள். மொத்தம் 5,25,000 பேர். அதைப் பற்றி எந்தத் தேர்தல் மேடையிலாவது கேட்டிருக்கிறீர்களா?

கேட்டிருக்க மாட்டீர்கள். காரணம் சாதி என்கிறோம் நாங்கள்.

1964 அக்டோபர் 30. லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்திட்டார்கள். மலையகத்தில் நாடற்றவர்களாக நின்ற 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும். மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். 1974இல் இந்திரா காந்தி காலத்தில் அந்த மீதியையும் ஆளுக்கு 75,000 என்று பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கச்சத்தீவு ஒப்பந்தமும் அதே 1974தான். அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போது ஆடுமாட்டை எண்ணிப் பிரிப்பார்களே, அந்தக் கணக்கு இது. ஆடுமாட்டைக் கேட்க மாட்டார்கள், இவர்களையும் கேட்கவில்லை. பிறகு விண்ணப்பம் வாங்கியபோது பெரும்பான்மையோர் இலங்கைக் குடியுரிமையைத்தான் கேட்டார்கள். பிறந்து வளர்ந்த மண் அதுதான்.

இவர்கள் யார்? பஞ்சத்துக்கும் பண்ணையடிமைத்தனத்துக்கும் தப்பி, 19ஆம் நூற்றாண்டில் கங்காணிக்குப் பின்னால் போனவர்களின் பிள்ளைகள். முதலில் காப்பித் தோட்டம், பிறகு தேயிலைத் தோட்டம். பெரும்பகுதி பள்ளர், பறையர், அருந்ததியர். நம் தென்னார்க்காட்டுச் சேரிகளிலிருந்து நேட்டாலுக்குக் கரும்பு வெட்டப் போனவர்களின் கதைதான் இதுவும். கரும்பாலையைச் சுற்றி வளர்ந்த நெல்லிக்குப்பத்துப் பிள்ளைகளுக்கு அந்தக் கூலியின் அருமையை நாங்கள் விளக்க வேண்டியதில்லை. கடல் தாண்டியும் சாதி கூடவே போனது. லயத்துக் காம்பிராவில் அடைந்து கிடந்து, இலங்கை ஏற்றுமதி செய்த தேயிலைக்குக் கொழுந்து கிள்ளியவர்கள் இவர்கள்.

"குடியுரிமையைப் பறித்தது இலங்கைதானே, இந்தியாவை ஏன் குறை சொல்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். உண்மைதான், முதல் குற்றவாளி கொழும்பு. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களில் வென்றது. அந்த வாக்குக்குப் பயந்து 1948இல் குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தார்கள். அடுத்து வாக்குரிமையும் போனது. அதுவரை டெல்லி சரியாகவே பேசியது: அங்கே பிறந்து உழைப்பவர்கள் அந்த நாட்டுக்காரர்கள், அவர்களுக்குக் குடியுரிமை தருவது இலங்கையின் கடமை. நேரு காலம் முழுக்க இந்தியா சொன்னது இதுதான்.

பிறகு ஏன் மாறியது? 1962இல் சீனாவோடு போர். பாகிஸ்தானோடு பகை. சுற்றியிருக்கும் சிறிய நாடுகளையாவது நட்பாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று டெல்லி கணக்குப் போட்டது. நல்ல அண்டை நாடு என்று பெயர் வாங்க ஏதாவது விட்டுக்கொடுக்க வேண்டும். எதை விட்டுக்கொடுத்தால் உள்நாட்டில் கலவரம் வராது? யாருக்குப் பின்னால் நிலம் இல்லை, பத்திரிகை இல்லை, சாதிச் சங்கம் இல்லை, அமைச்சர் இல்லை? அவர்களை விட்டுக்கொடுத்தார்கள். ஐந்தேகால் லட்சம் நிலவுடைமையாளர்களையோ வணிகர்களையோ இப்படி ஒரு காகிதத்தில் எழுதி எடுத்துக்கொள்ள எந்த அரசுக்காவது துணிச்சல் வருமா?

"வெளியுறவுக் கொள்கை நமக்கெதற்கு, வன்கொடுமை வழக்குகளே தலைக்கு மேல் கிடக்கின்றன" என்று சொல்லும் தோழர்களும் உண்டு. அண்ணல் அப்படி நினைக்கவில்லை. 1951இல் நேரு அமைச்சரவையிலிருந்து விலகியபோது, பட்டியல் சாதியினர் புறக்கணிக்கப்பட்டதையும் இந்து சட்டத் தொகுப்பு மசோதா கைவிடப்பட்டதையும் சொன்ன அதே அறிக்கையில், வெளியுறவுக் கொள்கையையும் ஒரு காரணமாக வைத்தார். வருவாயில் பாதியளவு இராணுவத்துக்குப் போகிறது, அது தவறான வெளியுறவுக் கொள்கையின் விளைவு என்று கணக்குக் காட்டினார். அந்தக் கொள்கைக்கு விலை கொடுப்பது யார் என்று கேட்க நமக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்.

விலை கொடுத்தவர்களைப் பாருங்கள். 1984இல் போர் காரணமாகத் தலைமன்னார் கப்பல் நிற்கும்வரை நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். அப்பாவுக்கு இந்தியக் கடவுச்சீட்டு, மகனுக்கு இலங்கைக் குடியுரிமை என்று குடும்பங்கள் பிரிந்தன. அரசு இவர்களுக்கு வைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. ஊர் வைத்த பெயர் 'சிலோன்காரன்'. தேயிலை மட்டுமே தெரிந்தவர்கள் கையில் வியாபாரக் கடனைத் திணித்து, தெரியாத ஊர்களில் இறக்கிவிட்டார்கள். பாட்டன் விட்டுப்போன ஊருக்குத் திரும்பியவர்களுக்கு அங்கே காத்திருந்தது அதே சேரி. நீலகிரியில் இவர்களுக்கென்று 1968இல் தொடங்கிய டான்டீ தோட்டம் நட்டக் கணக்குக் காட்டி, 2022இல் ஒரு பகுதி நிலத்தை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்க முடிவானது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் வீடும் போகும் என்ற பயத்தில் அங்கே தொழிலாளர் குடும்பங்கள் வாழ்கின்றன. அங்கு பட்டியல் சாதிச் சான்றிதழுக்கு அலைந்த பிள்ளைகள் ஏராளம். தீண்டாமையை ஊரே நினைவில் வைத்திருந்தது. சான்றிதழ் கேட்டால் மட்டும் ஆவணம் எங்கே என்றது அலுவலகம்.

இன்னொரு கூட்டமும் உண்டு. 1977, 1983 வன்முறைகளில் அடிபட்டு வன்னிக்கு ஓடி, அங்கும் போர் துரத்த, படகேறித் தமிழகம் வந்த மலையகத்தவர்கள். கப்பலில் வந்திருந்தால் குடிமக்கள். படகில் வந்ததால் 'சட்டவிரோதக் குடியேறிகள்'. 2019 ஜூனில் இப்படிப்பட்ட 65 பேரின் வழக்கில், இவர்களின் வேர் இந்தியாவில் இருப்பதைச் சுட்டிக்காட்டி, குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்கச் சொன்னது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. அதே ஆண்டு டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று பெயர்கள். இலங்கையின் பெயரே இல்லை. இந்துக்களின் காவலர்கள் என்று சொல்லிக்கொள்கிறவர்களுக்கு, மாரியம்மனைக் கும்பிட்டுக்கொண்டு முகாமில் கிடக்கும் இந்தக் கூலிகள் கண்ணில் படவில்லை.

"இந்தியா மலையகத்தில் வீடு கட்டிக் கொடுக்கிறதே" என்பது அடுத்த பதில். 2017இல் பிரதமர் மலையகத்துக்கே போய் மேலும் 10,000 வீடுகள் அறிவித்தார். கட்டட்டும், நல்லது. ஆனால் வீடு உதவி, குடியுரிமை கடன். உதவியைக் காட்டிக் கடனை மறைக்கக் கூடாது.

2021இல் தமிழக அரசு 'அகதி முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. பெயர் மாறியது போதாது. நம் கடலூர் மாவட்டத்திலும் முகாம்கள் இருக்கின்றன. கல்லூரித் தோழர்களே, அங்கே போங்கள். நிவாரணப் பொருளோடு படம் எடுக்கப் போக வேண்டாம். யாருடைய தாத்தா பாட்டி எந்த ஊரிலிருந்து தோட்டத்துக்குப் போனார்கள், என்ன ஆவணம் கையில் இருக்கிறது என்று உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். விண்ணப்பத்துக்கு அது பயன்படும்.

நம் கோரிக்கைகள் மூன்று. முகாமில் இருக்கும் இந்திய வம்சாவளியினருக்கு உடனே குடியுரிமை. தாயகம் திரும்பியவர்களின் பிள்ளைகளுக்கு அலைக்கழிப்பில்லாமல் சாதிச் சான்றிதழ். டான்டீ தொழிலாளர்களுக்கு வீட்டுமனைப் பட்டா. அடுத்த தேர்தலில் கச்சத்தீவைப் பற்றிப் பேச எந்தக் கட்சி நெல்லிக்குப்பத்துக்கு வந்தாலும், இந்த மூன்றுக்கும் முதலில் பதில் கேட்போம்.

ஜெய்பீம்.