தாய் நண்டு கடல் சேரட்டும்

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் கடலூர் மாவட்ட விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. மீன்வளம் பெருகட்டும் என்பதற்கான தடைக்காலம் இது. ஆனால், சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்தின் சேற்று நண்டுக்கு இது கடலில் மட்டும் கிடைக்கும் பாதிக் காவல்தான்.

காரணம், அதன் இனப்பெருக்க முறை. ஓடு கழற்றி உடல் மென்மையாக இருக்கும் வேளையில்தான் பெண் நண்டு இணைசேர்கிறது. அப்போது பெற்ற விந்தை உடலுக்குள்ளேயே சேமித்து வைத்து, ஒன்றுக்கு மேற்பட்ட முறை முட்டையிட அதனால் முடியும். சினை முற்றியதும் முகத்துவாரத்தைக் கடந்து கடலுக்குப் போகிறது. லட்சக்கணக்கான முட்டைகளை அங்கேதான் வெளியிட்டு, அடிவயிற்று மடலின் கீழ் சுமக்கிறது. பொரிந்து வரும் இளவுயிரிகளுக்கு உப்பு மிகுந்த கடல்நீர் வேண்டும். அவை பல பருவங்களைக் கடந்து, குட்டி நண்டுகளாகிச் சுரபுன்னைக் காட்டுக்கு வந்து சேர்கின்றன.

‘முட்டை சுமக்கும் நண்டைப் பிடிக்காதீர்கள்’ என்ற அறிவுரை இந்தக் காட்டின் வாய்க்காலில் ஏன் பயன்படுவதில்லை என்பது இப்போது புரியும். அந்த நிலையில் நண்டு அங்கே இருப்பதே அரிது. கையில் சிக்குவது, வயிற்றுக்குள் சினை முற்றிப் பயணத்துக்குத் தயாராக இருக்கும் நண்டு. சந்தையில் கூடுதல் விலை பெறுவதும் அதுதான். எந்த நண்டை விட்டுவைக்க வேண்டுமோ, அதைப் பிடிக்கவே நாம் அதிகம் கொடுக்கிறோம்.

இதற்காக மீனவரைக் குறை சொல்வது அநீதி. இடுப்பளவு நீரில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி நண்டு பிடிக்கும் இருளர் குடும்பத்துக்கு ஒரு சினை நண்டு அன்றைய அடுப்பெரிய உதவும். அதைச் சும்மா விட்டுவிடு என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. சந்தை விலையைக் கொடுத்து அரசே வாங்கி, முகத்துவாரத்துக்கு அப்பால் விடலாம். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், முட்டை சுமக்கும் சிங்கி இறாலின் வாலில் மீனவர்களே அடையாள வெட்டு இட்டுக் கடலில் விடுகிறார்கள். பிறகு முட்டை இல்லாமல் சிக்கினாலும் அதை விற்கக் கூடாது. இப்படியோர் அடையாளத்தை இங்கும் வகுக்கலாம்.

வழியும் திறந்திருக்க வேண்டும். மணல் மேடிட்டு முகத்துவாரம் தூர்ந்தால் தாயும் வெளியேற முடியாது. குட்டியும் உள்ளே வர முடியாது. படகுப் போக்குவரத்துக்காக மட்டும் கேட்கப்படும் தூர்வாரலை இனப்பெருக்கத் தேவையாகவும் கருத வேண்டும்.

இதற்கான அறிவு அருகிலேயே இருக்கிறது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் உண்டு. சீர்காழி அருகே தொடுவாயில் சேற்று நண்டுக் குஞ்சு பொரிப்பகம் இயங்குகிறது. பிச்சாவரத்துக்கு 2022-இல், பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் தகுதியும் கிடைத்துவிட்டது. அடுத்த தடைக்காலம் தொடங்குமுன், பிச்சாவரத்தை ஒட்டிய கிள்ளைப் பகுதியில் ஒரு கொள்முதல் மையத்தையாவது திறந்து இந்த வேலையைத் தொடங்க வேண்டும்.